சப்ஜெக்ட் டெஸ்ட் இல்லாத காலத்தில் எம்ஐடி கனவு

கேள்வி: ஹூஸ்டன் புறநகரில் வசிக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படுகிறாள். எம்ஐடி, கால்டெக், ஹார்வி மட், ஓலின் என்று ஒரு கல்லூரிப் பட்டியலும் வைத்திருக்கிறாள். என் கணவரின் அண்ணன் மகன் 2014இல் எம்ஐடியில் சேர்ந்தவன். கணிதம் லெவல் 2, இயற்பியல் ஆகிய இரண்டு எஸ்ஏடி சப்ஜெக்ட் டெஸ்டிலும் (கல்லூரிச் சேர்க்கைக்கான பாடவாரித் தேர்வு) 800 வாங்கியதால்தான் இடம் கிடைத்தது என்று சொல்லி, தன் பழைய புத்தகங்களை அனுப்பியிருக்கிறான். எஸ்ஏடி நடத்தும் காலேஜ் போர்ட் தளத்தில் பதிவு செய்யப் போனால் அந்தத் தேர்வையே காணோம். அமெரிக்காவில்தான் நிறுத்திவிட்டார்கள், இந்தியாவில் இன்னும் நடக்கிறது, டிசம்பர் விடுமுறையில் சென்னை போகும்போது எழுதலாம் என்கிறார் ஒரு நண்பர். உண்மையா? அதற்குப் பதிலாக இப்போது எந்தத் தேர்வு எழுத வேண்டும்? மகளின் பள்ளியில் ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) வகையில் பிசிக்ஸ் 1 மட்டும்தான் உண்டு, பிசிக்ஸ் சி இல்லை. இது பாதிக்குமா? ஆகஸ்டில் எழுதிய பொது எஸ்ஏடியில் 1500 வந்தது, அதில் கணிதம் 760. மறுபடி எழுத வேண்டுமா?

பதில்: சென்னைக்குத் தாராளமாகப் போய் வாருங்கள், தாத்தா பாட்டியைப் பார்க்க. தேர்வுக்காகப் போக வேண்டாம். எஸ்ஏடி சப்ஜெக்ட் டெஸ்ட் எந்த நாட்டிலும் இல்லை. 2021 ஜனவரி 19 அன்று காலேஜ் போர்ட் அதை நிறுத்துவதாக அறிவித்தது. அமெரிக்காவில் அன்றோடு முடிந்தது. வெளிநாட்டு மாணவர்கள் சிலர் ஏற்கனவே அதை நம்பித் தயாராகிக்கொண்டிருந்ததால், அவர்களுக்கு மட்டும் அந்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில் கடைசியாக நடத்தினார்கள். உங்கள் நண்பர் சொல்வது அந்தச் சலுகையின் மிச்ச சொச்ச ஞாபகமாக இருக்கும். பழைய தகவல் இணையத்தில் அப்படியே கிடப்பதால் இன்னும் பலர் இதை நம்புகிறார்கள்.

இப்போது அண்ணன் மகன் விஷயம். அவர் சொல்வதில் பாதி சரி.

அந்தத் தேர்வு புதிதாக முளைத்த ஒன்றல்ல. 1937இல் அச்சீவ்மெண்ட் டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கியது. பிறகு எஸ்ஏடி 2 ஆகி, கடைசியில் சப்ஜெக்ட் டெஸ்ட் ஆனது. முடியும் காலத்தில் 20 பாடங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், எல்லாமே கொள்குறி வினாக்கள், மதிப்பெண் 200 முதல் 800 வரை. ஐந்து விடைகள் கொண்ட கேள்வியில் தவறானதைக் குறித்தால் கால் மதிப்பெண் கழிப்பார்கள். இன்ஜினியரிங் கல்லூரிகள் அதை விரும்பியதற்குக் காரணம் எளிது. இந்த நாட்டில் எல்லாருக்கும் பொதுவான பாடத்திட்டமோ போர்டு தேர்வோ கிடையாது. ஒரு பள்ளியில் இயற்பியலில் ஏ வாங்கிய பிள்ளையும், இன்னொரு பள்ளியில் ஏ வாங்கிய பிள்ளையும் ஒரே அளவு இயற்பியல் படித்தவர்கள் என்று சொல்ல முடியாது. எம்ஐடியில் பொருளாதாரம் படிக்கப் போகிறவரும்கூட இரண்டு பருவம் கால்குலஸ், இரண்டு பருவம் கால்குலஸ் வழி இயற்பியல் படித்தே ஆக வேண்டும். முதல் ஆண்டிலேயே திணறப்போகிற மாணவரைச் சேர்த்துவிடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது. கால்டெக்கும் அந்தக் காலத்தில் கணிதம் லெவல் 2, கூடவே ஓர் அறிவியல் பாடம் என்று கட்டாயமாகக் கேட்டது.

ஆனால் அந்த 800 எவ்வளவு அரிது என்று பார்த்தால் சிரிப்பு வரும். கணிதம் லெவல் 2இல் 50 கேள்விகள். சிலவற்றைத் தவறவிட்டாலும் 800 வந்துவிடும். அந்தத் தேர்வின் கடைசி ஆண்டுகளில் எழுதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு 800 கிடைத்தது. எம்ஐடி போன்ற இடத்தில் அது யாரையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகவில்லை. இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வருமா என்ற ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது, அவ்வளவுதான். உங்கள் கணவரின் அண்ணன் மகனுக்கு இடம் கிடைத்த காரணம் அவருடைய விண்ணப்பத்தில் வேறெங்கோ இருந்திருக்கும். அடுத்த முறை போனில் பேசும்போது பள்ளியில் என்னென்ன செய்தார், எந்த ஆசிரியர் கடிதம் கொடுத்தார் என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். புத்தகங்களைவிட அந்தப் பேச்சு பயன்படும்.

தேர்வை நிறுத்தியது காலேஜ் போர்ட் என்றாலும், கல்லூரிகள் அதற்கு முன்பே கைவிட்டுவிட்டன. எம்ஐடி 2020 மார்ச்சில் இனி சப்ஜெக்ட் டெஸ்டைப் பார்ப்பதில்லை என்று அறிவித்தது. அதன் பிறகு கொரோனா காரணமாகப் பொது எஸ்ஏடியையும் கட்டாயமில்லை என்று ஆக்கினார்கள். 2022 மார்ச்சில் எம்ஐடி எஸ்ஏடி அல்லது அதைப் போன்ற இன்னொரு பொதுத் தேர்வான ஏசிடி மதிப்பெண் மீண்டும் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. கால்டெக் சில ஆண்டுகள் எந்த மதிப்பெண்ணையும் பார்க்கவே மாட்டோம் என்று இருந்து, 2024 ஏப்ரலில் அதுவும் பழைய வழிக்குத் திரும்பியது. இரண்டுமே பொதுத் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தன. ஆனால் பாடத் தேர்வின் இடத்தில் இன்னொரு கட்டாயத் தேர்வை வைக்கவில்லை.

ஆகவே "பதிலாக எந்தத் தேர்வு?" என்ற உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: எதுவும் இல்லை. இதை ஏற்றுக்கொள்வது நம் தலைமுறைக்குக் கஷ்டம். நம்மில் பலர் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு நுழைவுத் தேர்வையும் சேர்த்து, 300க்கு இத்தனை கட்-ஆஃப் என்று கணக்குப் போட்டு, அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்கில் வரிசையில் உட்கார்ந்தவர்கள். தரவரிசை எண் கையில் இருந்தால் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லிவிடலாம். எந்தத் தேர்வு என்று தெரிந்தால் போதும், மீதியைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்று நமக்குப் பழகிவிட்டது. இங்கே அந்த ஒரு மணி நேரத் தேர்வு செய்த வேலையை இப்போது பள்ளிப் பாடங்கள், ஏபி மதிப்பெண்கள், ஆசிரியர் கடிதம், எஸ்ஏடி கணிதம் ஆகிய நான்கும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதில் முதலாவதுதான் பெரிய பங்கு.

விண்ணப்பத்தைப் படிப்பவர் முதலில் பார்ப்பது உங்கள் மகள் எந்தெந்தப் பாடங்களை எடுத்தாள் என்பதை. மதிப்பெண் அதற்கு அடுத்துத்தான். பள்ளிக் கவுன்சலர் விண்ணப்பத்தோடு பள்ளி விவரக்குறிப்பு ஒன்றையும் அனுப்புவார். பள்ளியில் எத்தனை ஏபி இருக்கிறது, எந்தெந்தப் பாடம் கிடைக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிசிக்ஸ் சி உங்கள் பள்ளியில் இல்லை என்பது அதிலிருந்தே கல்லூரிக்குத் தெரிந்துவிடும். பள்ளி தராத பாடத்தை எடுக்கவில்லை என்று யாரும் உங்கள் மகளைக் குறை சொல்லப் போவதில்லை. பள்ளி தரும் பாடங்களில் கடினமானதை விட்டுவிட்டு இலகுவானதை எடுத்தால்தான் கேள்வி வரும்.

இந்த ஆண்டு அவள் என்ன கணிதம் எடுத்திருக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. ஏபி கால்குலஸில் முதல் நிலையான ஏபி (AB) என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அடுத்த ஆண்டு அவள் கட்டாயம் அதற்கு அடுத்த நிலையான பிசி (BC) எடுக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் பல பிள்ளைகள் கால்குலஸ் ஒன்று முடிந்துவிட்டது என்று ஏபி ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்குத் தாவிவிடுவார்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நல்ல பாடம்தான், கூடுதலாக எடுப்பதானால் எடுக்கட்டும். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் என்று எழுதிவிட்டு, கடைசி ஆண்டில் கால்குலஸை நிறுத்திய விண்ணப்பம் எம்ஐடியில் எடுபடாது. ஒருவேளை இந்த ஆண்டு ப்ரீகால்குலஸில் இருக்கிறாள் என்றால் கோடையில் நேரத்தை எப்படி ஈடுகட்டலாம் என்று இப்போதே கவுன்சலரிடம் பேச வேண்டும், ஜூன் வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்து இயற்பியல். நீங்கள் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஏபி பிசிக்ஸ் 1 இயற்கணித வழிப் பாடம். விசை, ஆற்றல், சுழற்சி, அலைவு எல்லாம் உண்டு. 2024-25 கல்வியாண்டிலிருந்து திரவங்களும் சேர்ந்துவிட்டது. பிசிக்ஸ் சி அதே இயக்கவியலைக் கால்குலஸ் கொண்டு சொல்கிறது. அதில் மெக்கானிக்ஸ் ஒரு தேர்வு, மின்சாரமும் காந்தமும் இன்னொரு தேர்வு. பிசிக்ஸ் 1ஐ லேசாக எடைபோட வேண்டாம். கருத்து புரியாமல் சூத்திரத்தை மட்டும் வைத்து அந்தத் தேர்வை ஒப்பேற்ற முடியாது. 2023 வரை அதில் உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கியவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஒப்பிட்டுப் பாருங்கள், கால்குலஸ் பிசி எழுதுபவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் 5 வாங்குகிறார்கள்.

பிசிக்ஸ் சியைத் தானாகவே படித்து வருகிற மே மாதமே எழுதலாமா என்று மகள் கேட்கக்கூடும். வேண்டாம் என்பேன். கால்குலஸை இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளை, அதை வைத்து இயற்பியலையும் தனியாகப் படித்து, வேறு பள்ளியில் இடம் கேட்டுத் தேர்வு எழுதி, அதில் 3 வாங்குவதால் யாருக்கு என்ன லாபம்? அந்த நேரத்தில் பிசிக்ஸ் 1இலும் கால்குலஸிலும் 5 வாங்கினால் எவ்வளவோ மேல்.

இதைவிட நல்ல வழி டெக்சாஸில் உங்கள் வாசலிலேயே இருக்கிறது: சமுதாயக் கல்லூரியில் டூயல் கிரெடிட். அடுத்த ஆண்டு அவள் பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரி இயற்பியல் எடுக்கலாம். ஆனால் பாட எண்ணைப் பார்த்து எடுக்க வேண்டும். டெக்சாஸ் முழுவதும் பொதுவான எண் முறை உண்டு. 1401 என்ற எண்ணில் வருவது காலேஜ் பிசிக்ஸ், அது மறுபடியும் இயற்கணித வழிதான். பிசிக்ஸ் 1 முடித்தவளுக்கு அதனால் ஒன்றும் கூடப்போவதில்லை. 2425 என்ற எண்ணில் வருவதுதான் யூனிவர்சிட்டி பிசிக்ஸ், கால்குலஸ் வழி, ஆய்வகத்தோடு. அதற்கு அடுத்த பகுதி 2426, மின்சாரமும் காந்தமும். 2425இல் சேரக் கால்குலஸ் 1 தேவைப்படும். ஏபி கால்குலஸ் மதிப்பெண்ணை அதற்கு ஏற்றுக்கொள்வார்களா என்று கல்லூரியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். டூயல் கிரெடிட் பாடத்தின் மதிப்பெண் கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரமாக நிற்கும். ஐந்து ஏபி, ரோபாட்டிக்ஸ், விண்ணப்பக் கட்டுரைகள் எல்லாம் இருக்கும் பருவத்தில் இதையும் தலையில் ஏற்றி சி வாங்குவதானால் எடுக்காமலே இருக்கலாம். இதை எடுக்க வேறொன்றைக் குறைக்க வேண்டியிருக்கும், அது எது என்று மகளே முடிவு செய்யட்டும்.

கால்டெக்கின் போக்கையும் கவனியுங்கள். விண்ணப்பிப்பவர்கள் பள்ளியில் கால்குலஸ், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும் என்பது அவர்களின் நீண்ட நாள் நிபந்தனை. இந்தப் பாடங்களே கிடைக்காத பள்ளிகள் இந்த நாட்டில் ஏராளம். அதனால் 2023இல் ஒரு மாற்று வழி வைத்தார்கள். கான் அகாடமியில் இலவசமாகப் படித்து, ஸ்கூல்ஹவுஸ் என்ற தளத்தின் சான்றுத் தேர்வில் 90 சதவீதம் எடுத்தால் அதையும் ஏற்றுக்கொள்வார்கள். உங்கள் மகளுக்கு இயற்பியல் வகுப்பு இருக்கிறது, அவளுக்கு இது தேவைப்படாது. எங்கே படித்தாய் என்பதைவிட என்ன படித்தாய் என்பதில்தான் அவர்கள் கண் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

ஏபி தேர்வுகளில் பெற்றோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு, அது காலக் கணக்கு. ஏபி தேர்வு மே மாதம் நடக்கும், மதிப்பெண் ஜூலையில் வரும். எம்ஐடி பொதுச் சுற்று முடிவை மார்ச் 14, அதாவது பை நாள் வாக்கில் வெளியிடுவது வழக்கம். பன்னிரண்டாம் வகுப்பு மே மாதத்தில் எழுதும் தேர்வு, சேர்க்கை முடிவு வந்த பிறகு நடக்கிற தேர்வு. விண்ணப்பத்தில் எண்ணாகப் போய்ச் சேரப்போவது பத்தாம் வகுப்பிலும் இந்தப் பதினோராம் வகுப்பிலும் எழுதுபவை மட்டும்தான். அடுத்த ஆண்டுப் பாடங்களில் பாதியாண்டு மதிப்பெண்தான் அவர்கள் கண்ணில் படும். ஆகவே பழைய சப்ஜெக்ட் டெஸ்டுக்கு மிக நெருக்கமாக ஏதாவது ஒன்றைக் காட்டச் சொன்னால், வரும் மே மாதம் அவள் எழுதப்போகும் கால்குலஸ், பிசிக்ஸ் 1 தேர்வுகளைக் காட்டுவேன். கட்டாயம் இல்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் 5 வந்தால் வகுப்பில் வாங்கிய ஏ உண்மையானது என்பதை வெளியாள் ஒருவர் உறுதி சொன்னது போல. 3 வந்தால் பெரும்பாலான கல்லூரிகளுக்கு அதை விண்ணப்பத்தில் எழுதாமல் விடலாம். ஒரு விதிவிலக்கு: யேல் போன்ற இடங்களில் எஸ்ஏடிக்குப் பதிலாக ஏபி மதிப்பெண்களையே கொடுக்கும் வழி 2024இல் வந்தது. அந்த வழியில் போவதானால் எழுதிய ஏபி எல்லாவற்றையும் காட்ட வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு ஏபி வீணா என்றால், இல்லை. சேர்ந்த பிறகு அதன் பலன் தெரியும். எம்ஐடியில் பிசி தேர்வில் 5 இருந்தால் 18.01 என்ற முதல் கால்குலஸ் பாடத்துக்கு கிரெடிட் கிடைக்கும். கால்டெக் ஏபிக்கு கிரெடிட் கொடுப்பதில்லை, தானே ஒரு தேர்வு வைத்து எங்கே தொடங்க வேண்டும் என்று முடிவு செய்யும். அரசுப் பல்கலைக்கழகங்களில் ஏபி கிரெடிட் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

ஆசிரியர் கடிதம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இதைக் கடைசி வாரத்தில்தான் நினைப்போம். எம்ஐடி இரண்டு ஆசிரியர் கடிதம் கேட்கிறது. ஒன்று கணித அல்லது அறிவியல் ஆசிரியரிடமிருந்து, மற்றொன்று மொழி, வரலாறு போன்ற பாடம் எடுப்பவரிடமிருந்து. கால்டெக்கும் அப்படித்தான். அடுத்த இலையுதிர்காலத்தில் விண்ணப்பிக்கும்போது உங்கள் மகளை நன்றாகத் தெரிந்த அறிவியல் ஆசிரியர் யாராக இருப்பார்? இந்த ஆண்டு பிசிக்ஸ் 1 எடுக்கிறவர்தான். "அமைதியான பெண், எல்லாத் தேர்விலும் முதல் மதிப்பெண்" என்று ஒரு ஆசிரியர் எழுதினால் அது பாராட்டு மாதிரி இருக்கும், ஆனால் விண்ணப்பத்துக்கு எதையும் சேர்க்காது. ஆய்வகத்தில் கணக்கோடு அளவு ஒத்துப்போகாதபோது ஏன் என்று விடாமல் துருவினாள், பக்கத்து மேசைக்காரர்களுக்குப் புரியவைத்தாள் என்று எழுத அவருக்குச் சம்பவங்கள் வேண்டும். நம் பெண்பிள்ளைகளைக் கேள்வி கேட்காமல் கைகட்டி உட்காரச் சொல்லி வளர்த்திருந்தால், இந்த இடத்தில் அது எதிராக வந்து நிற்கும். வகுப்பு முடிந்த பிறகு போய் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பதை இப்போதே தொடங்கட்டும். கடிதத்தை மே மாதம் பள்ளி முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும்.

எஸ்ஏடிக்கு வருவோம். 1500 நல்ல மதிப்பெண். உங்கள் பட்டியலை வைத்துப் பார்த்தால், மறுபடி எழுதச் சொல்வேன், கணிதத்துக்காக. எம்ஐடியில் இடம் பெறுபவர்களில் நடுப்பாதியினரின் கணித மதிப்பெண் 780க்கும் 800க்கும் இடையே இருக்கிறது. 760 கதவை மூடாது. ஆனால் சப்ஜெக்ட் டெஸ்ட் போன பிறகு, எல்லா மாணவர்களுக்கும் பொதுவான கணித அளவுகோல் என்று அவர்கள் கையில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். மெக்கானிக்கல் கேட்கிற பிள்ளைக்கு இதில் இருபது முப்பது புள்ளி கூடினால் ஒரு கேள்வி குறையும். கணிதப் பகுதியில் 44 கேள்விகள், இரண்டு கட்டமாக வரும். முதல் கட்டத்தை நன்றாகச் செய்தால் இரண்டாவது கடினமாக வரும். கால்குலஸ் ஒரு கேள்விகூட இல்லை. 760 வாங்கியவளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை, இரண்டு மூன்று இடத்தில் கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை, அல்லது திரையிலேயே இருக்கும் டெஸ்மாஸ் கால்குலேட்டரைப் பயன்படுத்தத் தெரியவில்லை. புளூபுக் செயலியில் இருக்கும் மாதிரித் தேர்வுகளை எழுதி, தவறிய கேள்விகளை மட்டும் எடுத்து உட்கார்ந்தால் போதும். இதற்காக ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பயிற்சி வகுப்பு தேவையில்லை. எம்ஐடி வெவ்வேறு நாள் எழுதியவற்றில் ஒவ்வொரு பகுதியிலும் சிறந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளும், அதனால் ஆங்கிலம் கொஞ்சம் இறங்கினாலும் பயமில்லை. மார்ச்சில் ஒருமுறை எழுதட்டும். தேவைப்பட்டால் கோடை முடிவில் இன்னொரு முறை. அதற்கு மேல் அந்தப் பேச்சே வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் மதிப்பெண் இருக்கிறது, அண்ணன் மகன் இருக்கிறார், நண்பர் இருக்கிறார். மகள் பள்ளி முடிந்து வந்து என்ன செய்வாள் என்று ஒரு வரிகூட இல்லை. ஏன் மெக்கானிக்கல்? எதையாவது பிரித்துப் போடுவாளா, ரோபாட்டிக்ஸ் குழுவில் இருக்கிறாளா, தாத்தாவின் பழைய தையல் மிஷினைச் சரிசெய்தாளா? எம்ஐடி விண்ணப்பத்தில் மேக்கர் போர்ட்ஃபோலியோ என்று ஒரு பகுதியே உண்டு. தானாகச் செய்த பொருளைப் படத்தோடு, எங்கே சொதப்பியது, எப்படிச் சரிசெய்தேன் என்று காட்டலாம். இருக்கிறவர்களுக்குத்தான் அது, இல்லாதவர்கள் அதற்காகக் கடைசி நேரத்தில் ஒன்றை ஜோடிக்கக் கூடாது. படிப்பவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும். உங்கள் மகளுக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. ஆர்வம் உண்மையாக இருந்தால் அது போதுமான காலம்.

பட்டியலைப் பற்றியும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். ஹார்வி மட் அருமையான கல்லூரி, ஆனால் அங்கே மெக்கானிக்கல் என்று தனிப் பட்டம் கிடையாது, பொதுவான இன்ஜினியரிங் பட்டம் மட்டும்தான். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணினி என்று எல்லாவற்றையும் எல்லாரும் படிக்க வேண்டும். இது மகளுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். சிலருக்கு அதுதான் பிடிக்கும், சிலருக்கு எரிச்சலாக இருக்கும். பாஸ்டன் பக்கத்தில் இருக்கும் ஓலின் மிகச் சிறியது, முதல் மாணவர்கள் சேர்ந்ததே 2002இல்தான். மெக்கானிக்கல் பட்டம் உண்டு. இறுதிச் சுற்றுக்கு வருபவர்களை அழைத்து, குழுவாக ஒரு வடிவமைப்பு வேலை கொடுத்துப் பேசிப் பார்த்துத்தான் முடிவு செய்வது அவர்கள் வழக்கம். எண்களில் கொஞ்சம் பின்தங்கியிருந்தாலும் மற்றவர்களோடு சேர்ந்து யோசிக்கத் தெரிந்த பிள்ளை அங்கே மேலே வரும்.

எம்ஐடியில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் இடம் கிடைக்கிறது. கால்டெக் இன்னும் இறுக்கம். இந்த நான்கு மட்டும் கொண்ட பட்டியலை நான் எந்தக் குடும்பத்துக்கும் ஏற்றுக்கொள்ள மாட்டேன். பர்டூ, ஜார்ஜியா டெக், டெக்சாஸ் ஏ அண்ட் எம், ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆகியவற்றையும் அதே மரியாதையோடு சேருங்கள். மெக்கானிக்கலுக்கு இவை எதுவும் குறைந்தவை அல்ல. பர்டூ, ஜார்ஜியா டெக், ஆஸ்டின் மூன்றும் எஸ்ஏடி அல்லது ஏசிடி கேட்கின்றன, ஆகவே மார்ச்சில் அவள் எழுதப்போகும் தேர்வு அங்கேயும் உதவும். ஆஸ்டின் விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. பள்ளியில் முதல் 5 சதவீதத்தில் இருந்தால் இடம் உறுதி என்பது பல்கலைக்கழகத்தில் சேர மட்டும்தான். இன்ஜினியரிங் பிரிவு கிடைக்க அதற்குமேல் தனியாகப் போட்டி உண்டு. "நமக்குத்தான் ஆஸ்டின் உறுதியாச்சே" என்று கட்டுரையை அலட்சியமாக எழுதி, வேறு பிரிவில் இடம் கிடைத்துத் திகைத்த குடும்பங்கள் உண்டு. கலிபோர்னியா பக்கம் பெர்க்லி, சான் டியாகோ என்று யோசித்தால், அந்த அரசுப் பல்கலைக்கழகங்கள் எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. வெளிமாநிலக் கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள்.

வந்த புத்தகங்களைத் தூக்கிப் போட வேண்டாம். கணிதம் லெவல் 2 புத்தகம் முக்கோணவியல், சார்புகள், கலப்பெண்கள் எல்லாவற்றையும் திரும்பிப் பார்க்க இன்றும் நல்லது, கால்குலஸில் தடுமாறும் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். இயற்பியல் புத்தகத்தில் ஒளியியல், அணு இயற்பியல் எல்லாம் கலந்து மேலோட்டமாக இருக்கும், அதை வைத்துப் பிசிக்ஸ் 1க்குத் தயாராக முடியாது. அதற்கு காலேஜ் போர்ட் வெளியிட்டிருக்கும் பழைய விரிவான விடை வினாக்களே போதும். 2025க்கு முந்தைய தாள்களில் கேள்வி அமைப்பு வேறு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஏபி தேர்வுகளுக்குப் பள்ளிகள் பெயர் கொடுக்கும் கடைசி நாள் நவம்பர் நடுவில் வரும், பல பள்ளிகள் தங்கள் வசதிக்காக இன்னும் முன்னதாகவே முடித்துவிடும். வகுப்பில் இருந்தாலே தேர்வுக்குப் பெயர் பதிவாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பிந்தினால் கூடுதல் கட்டணம். இந்த வாரமே மகள் ஏபி ஒருங்கிணைப்பாளரிடம் போய்த் தன் பெயர் இரண்டு தேர்வுக்கும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அப்படியே கவுன்சலரிடம், அடுத்த ஆண்டு 2425 எடுக்க எந்த மாதத்துக்குள் என்ன படிவம் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டுவிட்டு வரட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம், அவளே கேட்கட்டும்.